99 தொகுதியும் நானே வரைஞ்சு பாத்தேன்: டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் ஆப், ஒரு ரிவியூ

அமெரிக்கால விஸ்கான்சின் ஸ்டேட்டோட தலைநகரம் எங்க மேடிசன்ல ஜனவரி மாச சனி ஞாயிறுன்னா வெளிய தலைய நீட்ட முடியாது, மைனஸ்ல போகும். அப்படி ஒரு சனிக்கிழமை வீட்டம்மா சொன்னாங்க, "ஏங்க, எலக்‌ஷன் ரிசல்ட் வந்தாலே மேப்பு மேப்புன்னு புலம்புறீங்களே, நீங்களே ஒண்ணு வரைஞ்சு தான் பாருங்களேன்". அவங்க கிண்டலுக்கு தான் சொன்னாங்க, நான் சீரியஸா எடுத்துக்கிட்டேன், மூணு வாரம் போச்சு.

டேவ் ப்ராட்லீன்னு சியாட்டில் பக்கத்து சாஃப்ட்வேர் ஆளு ஆரம்பிச்சது இந்த டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் வெப்சைட்டு, ரீடிஸ்ட்ரிக்டிங்னா தொகுதி மறுவரையறை. காசு கிடையாது. அமெரிக்கால எந்த ஸ்டேட்ட வேணா எடுத்து தொகுதி எல்லைய நீங்களே பெயிண்ட் பண்ணலாம். எங்க விஸ்கான்சின்ல கீழ்சபையான அசெம்பிளிக்கு 99, மேல்சபையான செனட்டுக்கு 33. 2020 சென்சஸ்படி ஜனத்தொகை 58,93,718, அப்ப ஒரு அசெம்பிளி தொகுதிக்கு 59,533 பேர் வரணும். மவுஸ்ல வார்டு வார்டா கலர் அடிக்க அடிக்க பக்கத்துலயே எத்தனை பேர் கூட, எத்தனை பேர் கம்மின்னு காட்டிக்கிட்டே இருக்கும். சரிசமமா இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஸ்டேட் தொகுதின்னா மொத்த வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பொதுவா கோர்ட் கண்டுக்காது.

முதல் அட்டெம்ப்ட் சொதப்பல், அது முழுக்க என் தப்பு தான். எங்க வீட்டுல இருந்து ஆரம்பிச்சேன். மேடிசன் இருக்கற டேன் கவுண்டிக்கு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) ஒன்பது தொகுதி போக கொஞ்சம் மிச்சம் வருது, அத பக்கத்து கவுண்டிக்கு தள்ளினேன், அங்க மிஞ்சினத அடுத்ததுக்கு தள்ளினேன், இப்படியே தள்ளி தள்ளி கடைசில வடமேற்கு மூலைல சுப்பீரியர் பக்கம் போனா 99-வது தொகுதி பாதி ஸ்டேட்டுக்கு குடல் மாதிரி நீளுது. புள்ளி வைக்காம கோலம் போட்ட கதை. மூலைல இருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வரணும்னு அப்புறம் தான் புரிஞ்சுச்சு. போன்ல முயற்சி பண்ணாதீங்க, மவுஸ் வேணும், பெரிய ஸ்க்ரீன் இருந்தா இன்னும் நல்லது.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், தொகுதி ஒட்டாம துண்டு துண்டா இருந்தா உடனே சொல்லிடும். எங்க ஊருக்கு இது சின்ன விஷயம் இல்ல. இங்க டவுன்னா சிட்டிக்கு வெளிய இருக்கற தனி உள்ளாட்சி. சிட்டிங்க பக்கத்து டவுன் நிலத்த அங்கங்க பிச்சு சேத்துக்கிட்டதுல நிறைய டவுன் தீவு தீவா நிக்குது, டவுன் எல்லைய ஒட்டி வரைஞ்சா தொகுதியும் துண்டாகும், 2022-ல கலைச்ச டவுன் ஆஃப் மேடிசன் கூட அப்படி தான் சிதறி கிடந்துச்சு. பழைய அசெம்பிளி மேப்புல குறைஞ்சது 50 தொகுதில இந்த மாதிரி ஒட்டாத துண்டு இருந்துச்சு, 2023 டிசம்பர்ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் 4-3ன்னு அந்த மேப்ப தூக்கி போட்டதே இத காரணம் காட்டி தான். அந்த பழைய மேப்பையும் இதுலயே திறந்து பாக்கலாம், ஜூம் பண்ணா தோசைக்கல்லுல மாவு தெறிச்ச மாதிரி இருக்கு.

அந்த மேப்போட மூலக்கதை தெரியாதவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. அதுக்கு அடிப்படையா இருந்த முந்தின மேப்ப 2011-ல கேப்பிடல்ங்கற சட்டசபை கட்டிடத்துக்கு எதிர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து வரைஞ்சாங்க, ரிபப்ளிகன் எம்எல்ஏக்கள் ரகசியம் காக்குறேன்னு கையெழுத்து போட்டுட்டு தான் அவங்கவங்க தொகுதியவே பாக்க முடிஞ்சுது. 2012-ல அந்த கட்சிக்கு 48.6 சதவீதம் ஓட்டு, சீட்டு 60. ஊர்ல தொகுதி மறுவரையறைக்குன்னு தனி ஆணையம் போடுவாங்க, அதுல ஆயிரம் சண்டை இருக்கட்டும், இங்க சட்டசபைல மெஜாரிட்டி வச்சிருக்கறவனே பென்சிலையும் வச்சிருக்கான், கவர்னர் வீட்டோவும் கோர்ட்டும் தான் தடுக்கணும்.

சரி ஆப்புக்கு வரேன். வரைஞ்சு முடிச்சதும் அனலைஸ்னு ஒரு பக்கம் இருக்கு, ஓட்டு விகிதத்துக்கு சீட்டு வருதா, போட்டி இருக்கா, சிறுபான்மைக்கு இடம் கிடைக்குதா, ஷேப் ஒழுங்கா இருக்கா, கவுண்டிய எத்தனை வெட்டு வெட்டி இருக்கோம்னு அஞ்சுக்கும் மார்க் போடும். நான் கட்சி ஓட்ட பாக்காம, கவுண்டி எல்லைய மட்டும் மதிச்சு, யோக்கியமா வரைஞ்சேன். அப்புறம் பழைய ரிசல்ட்ட ஆன் பண்ணி பாத்தா ஸ்டேட்டோட மொத்த ஓட்டு பாதிக்கு பாதி இருக்கு, என் மேப்புல ரிபப்ளிகன் பக்கம் 55 கிட்ட நிக்குது. யாரும் ஏமாத்தல, நான் தானே வரைஞ்சேன்! காரணம் மேடிசன், மில்வாக்கி. டெமாக்ரட் ஓட்டு அங்க குவிஞ்சு கிடக்கு, 80 சதவீதம் வாங்கி ஜெயிச்சாலும் ஒரு சீட்டு தான், மிச்சம் வீண். 2024-ல புது மேப்புல நடந்த எலக்‌ஷன்லயும் ரிபப்ளிகன் 54, டெமாக்ரட் 45ன்னு தான் வந்துச்சு, முன்னாடி இருந்த 64-35க்கு அது எவ்வளவோ பரவால்ல, ஆனா சாய்வு முழுசா போகல. கோட்ட எவ்வளவு நேர்மையா போட்டாலும் ஒரு தொகுதிக்கு ஒரே ஆளுங்கற முறைலயே ஒரு கோணல் ஒளிஞ்சிருக்கு, இத எனக்கு எந்த கட்டுரையும் புரிய வைக்கல, இந்த ஆப்பு புரிய வச்சுது.

இன்னொன்னு பண்ணி பாத்தேன், இது தான் ஜாலியா இருந்துச்சு. எங்க ஸ்டேட்ல மூணு அசெம்பிளி தொகுதி சேந்தா ஒரு செனட் தொகுதி, அப்படியே உள்ள அடங்கும். அப்ப அந்த 33-ஐ வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் மூணு பேர தேர்ந்தெடுத்தா என்ன? புதுசா ஒரு கோடும் வேண்டாம். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, பக்கத்து இல்லினாய்ல 1870 அரசியல் சட்டத்துல இருந்து 1980 வரைக்கும் ஹவுஸுக்கு (அங்க கீழ்சபை) இப்படி தான் இருந்துச்சு, ஒரு ஆளுக்கு மூணு ஓட்டு, மூணையும் ஒரே வேட்பாளருக்கு குத்தலாம். அதனால டெமாக்ரட் கோட்டையான சிகாகோல இருந்து ரிபப்ளிகனும் தெக்கத்தி கிராமத்துல இருந்து டெமாக்ரட்டும் வந்தாங்க. 1978 கடைசில எம்எல்ஏங்க தங்களுக்கே சம்பளத்த ஏத்திக்கிட்டாங்க, அந்த கோவத்துல ஜனங்க 177 சீட்ட 118-ஆ குறைக்க ஓட்டு போட்டாங்க, அதோட இந்த முறையும் போயிடுச்சு. எலிக்கு பயந்து வீட்ட கொளுத்தின மாதிரி.

ஆப்புல வந்த ஓட்டு சதவீதத்த எக்செல்ல போட்டு, கால்வாசி ஓட்டுக்கு மேல வாங்குற கட்சிக்கு குறைஞ்சது ஒரு சீட்டுன்னு கையால கணக்கு போட்டேன். ரிபப்ளிகன் கோட்டையான வாகேஷா பக்கம் டெமாக்ரட்டுக்கு சீட்டு விழுது, டேன் கவுண்டி ஓரத்துல ரிபப்ளிகனுக்கு விழுது, மொத்தம் கிட்டத்தட்ட பாதிக்கு பாதி. மேடிசன் நடு ஊர் மட்டும் மூணும் டெமாக்ரட், அத யாராலயும் அசைக்க முடியாது போல.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை. அந்த அரை ஏன் குறைச்சேன்னா மூணு வாரம் துணி மடிக்காம விட்டதுக்கு வீட்டுல வாங்கின திட்டு. இப்ப அவங்களே லேப்டாப்ப வாங்கி மில்வாக்கி வடக்கு பக்கத்த திருத்திக்கிட்டு இருக்காங்க, நான் போட்ட கோடு சரியில்லையாம்.