குதிகால் வலிக்கு காந்தி நகர் மாடி யோகா கிளாஸ், போலாமா?

போலாம், தாராளமா போலாம். காட்பாடி காந்தி நகர்ல ஒரு வீட்டு மாடில நடக்குது, பெருசா போர்டு கூட கெடையாது. நான் துணிக்கடைல நாள் முழுக்க நின்னு வேல பாக்குறவ, வலது குதிகால்ல வலி வந்து டாக்டர்கிட்ட போனப்ப பிளான்டார் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் நார்ல வர்ற வலின்னு சொல்லி ஸ்ட்ரெச்சிங் படம் போட்ட தாள் ஒண்ணு குடுத்தாரு, அத பாத்து தனியா செய்ய எனக்கு வரல, அப்பதான் கூட வேல பாக்குற அக்கா இங்க சேத்து விட்டாங்க.

மொத நாளே ஆசனம்னு எதுவும் ஆரம்பிக்கல. டீச்சர் சுவத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு, "குதிகால் தரைய விட்டு எழும்பக்கூடாது, முட்டி மட்டும் சுவத்த தொடணும்"னாங்க. இடது கால் ஈஸியா தொட்டுச்சு. வலது கால சுவத்துலருந்து நாலு விரல் தள்ளி வெச்சதுக்கே குதிகால் தூக்கிடுச்சு. பாருங்க, கெண்டக்கால் சதை எவ்ளோ இறுகி போயிருக்குன்னு காட்டினாங்க. குதிகால் எலும்புலருந்து விரல் வரைக்கும் உள்ளங்கால்ல தடிச்ச நார் ஒண்ணு போகுது, ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ் நோக்கியே இருக்கறதால அது சுருங்கிடுது, காலைல மொத அடி வைக்கும்போது சடார்னு இழுபடறதுதான் அந்த உயிர் போற வலி, கெண்டக்காலும் இறுகியிருந்தா பாதத்துக்கு இன்னும் லோடு ஜாஸ்தின்னு சொன்னாங்க. இவ்ளோ தெளிவா எனக்கு யாரும் சொன்னதில்ல.

அவங்க குடுத்ததுலயே எனக்கு ரொம்ப உதவுனது கட்டில விட்டு எறங்கறதுக்கு முன்னாடி பண்றது. உக்காந்து, வலிக்குற கால தூக்கி அடுத்த முட்டி மேல போட்டு, கால் விரல் எல்லாத்தையும் சேத்து புடிச்சு கணுக்கால் பக்கமா வளைக்கணும். இன்னொரு கை கட்டை விரலால உள்ளங்கால தடவி பாத்தா அந்த நாரு முறுக்கின கயிறு மாதிரி வெரப்பா தட்டுப்படும், தட்டுப்பட்டாதான் சரியா இழுக்கறோம்னு அர்த்தம். 10 செகண்ட் புடிக்கணும், 10 தடவ. அதுக்கப்பறம்தான் தரையில கால வைக்கணும், அதுவும் செருப்பு போட்டுட்டு. வீட்டுக்குள்ள டைல்ஸ் தரையில வெறுங்காலோட நடக்கவே விட மாட்டாங்க, இதுல ரொம்ப கண்டிப்பு.

கிளாஸ்ல சுவத்த புடிச்சுட்டு கெண்டக்கால் இழுக்கறது ரெண்டு விதமா வரும், பின்னங்கால் முட்டிய நீட்டி ஒரு தடவ, லேசா மடக்கி ஒரு தடவ, 30 செகண்ட் 30 செகண்ட். அப்பறம் படுத்துட்டு பாதத்துல துண்டு மாட்டி கால தூக்கி இழுக்குற சுப்த பாதாங்குஷ்டாசனம், கையும் காலும் ஊனி இடுப்ப மேல தூக்குற அதோ முக ஸ்வானாசனத்துல ஒரு குதிகால் மாத்தி ஒரு குதிகால் மெதுவா எறக்கறது. விரல மடக்கி ஊனி முட்டி போட்டு உக்கார்றது மட்டும் எல்லாருக்கும் குடுக்கறதில்ல, குடுத்தாலும் முட்டிக்கு கீழ போர்வைய மடிச்சு வெச்சு, மூஞ்சி சுளிச்சா உடனே எழுப்பி விட்டுடறாங்க. இந்த பொறுமைக்காகவே சொல்றேன், வேற ஒரு எடத்துல வலிக்க வலிக்க அமுக்கி ரெண்டு நாள் நொண்டிக்கினு இருந்தேன்.

ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில நின்னுகினே வேல பாக்குற அம்மா ஒருத்தங்க வராங்க. எக்ஸ்ரேல முள்ளு மாதிரி எலும்பு வளந்துகீதுன்னு ரொம்ப பயந்துட்டாங்க, "இன்னாமா, ஆப்ரேசன் பண்ணாதான் போவுமா?"ன்னு கண்ணு கலங்கிடுச்சு. வலியே இல்லாத நெறைய பேருக்கும் அந்த எலும்பு இருக்கும், அத வெச்சு மட்டும் பயப்படாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்கன்னு டீச்சர் உக்கார வெச்சு பேசினாங்க. சுகர் இருந்து பாதம் மரத்து போறவங்க, வீக்கம் இருக்கறவங்க, கீழ விழுந்து அடிபட்டு வந்தவங்களயெல்லாம் டாக்டர் பாக்காம சேத்துக்கறதே இல்ல, அது எனக்கு ரொம்ப புடிச்சது.

கொறைன்னு பாத்தா, ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, குதிகால் வலிக்காரங்களுக்கு அந்த படி நெஜமாவே கஷ்டம். கீழ் போர்ஷன்ல நடத்துனா நல்லாருக்கும்னு நேர்லயே சொல்லிட்டேன். குடுக்குற மேட்டும் மெல்லிசு, மொசைக் தரை முட்டில குத்துது. சித்திரை வெயில்ல சாயந்தர பேட்ச் மாடில அனலா கொதிக்கும்.

ஒரு வாரத்துல போயிடும்னு நெனச்சு சேராதீங்க, மாசக்கணக்காகும்னு அவங்களே மொதல்லயே சொல்லிடறாங்க. எனக்கு காலைல மொத அடி வலி இப்ப நல்லாவே கொறஞ்சிருக்கு, பால் வாங்க செவுத்த புடிக்காம நடந்து போறேன். ஆடி தள்ளுபடி சமயத்துல கடைல ராத்திரி வரைக்கும் நின்னா திரும்பவும் எட்டி பாக்குது, அன்னிக்கி தண்ணி பாட்டில ஃபிரீசர்ல வெச்சு துணி சுத்தி உள்ளங்கால்ல உருட்டுறேன்.

மாசம் 800 ரூபா. நீளமான துண்டு ஒண்ணும் வீட்டு மேட்டும் எடுத்துட்டு போங்க, தெருவுல வண்டி விட எடம் கம்மி. காலைல 6 மணி பேட்ச்தான் பெஸ்ட், ஆனா சீக்கிரம் நெறஞ்சிடுது, கேட்டுட்டு போங்க.