கோத்தகிரிக் கொட்டகையில் ஒரு விமானக் கருவிப் பலகை: சில மழைக்காலங்களுக்குப் பின்

ஒரு விமானத்தின் கருவிப் பலகைக்கு வயரிங் செய்து முடித்த வாரத்திலேயே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை. அன்று எல்லா விளக்குகளும் எரியும். எல்லா எண்களும் திரையில் ஒழுங்காக வரும். செய்தவருக்கும் பெருமை தாளாது. எந்த இணைப்பு தாங்கியது, எந்தப் பொருள் கொடுத்த காசுக்குத் தகுந்தது என்பதெல்லாம் சில மழைக்காலங்கள் கழிந்த பிறகே தெரியவரும். கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரையிட்ட கொட்டகையில் நான் கட்டிவரும் இருவர் அமரும் அலுமினிய விமானத்துக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அது இன்னும் பறக்கவில்லை. உரிய அனுமதிகள் கிடைத்தபின் இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறக்க வேண்டும். ஆயினும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினை அவ்வப்போது ஓட்டிப் பார்க்கிறேன். பலகைக்கு வாரந்தோறும் மின்சாரம் கொடுக்கிறேன். நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் வயரிங்கும் மூப்படைகிறது. மலையில் சற்று விரைவாகவே மூப்படைகிறது.

தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால், ஆடி மாதத்து மழை கூடலூரையும் ஊட்டியையும் நனைக்கும் அளவுக்கு எங்களை நனைப்பதில்லை. எங்களுக்குச் சோதனைக் காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அப்போது மேகமே கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த உலோகத்தின்மேல் காலையில் ஈரக்காற்று படும்போது, பலகையின் பின்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். கூரை ஒழுக வேண்டும் என்ற அவசியமே இல்லை. அதனால்தான் எந்த வயரையும் நேராகக் கனெக்டருக்குள் நுழைய விடாமல், ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலேற்றி இணைத்திருக்கிறேன். வயர் வழியே வழியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். மழைக்காலம் முழுவதும் பலகைக்கு அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிறது. கருவிகள் சுற்றுப்புறத்தைவிடச் சிறிதளவு சூடாக இருந்தால் போதும், பனித்துளி படியாது. சிலிக்கா ஜெல் பைகளையும் வைத்துப் பார்த்தேன். காற்றோட்டமுள்ள கொட்டகையில் அவை விரைவிலேயே ஈரத்தைக் குடித்து ஓய்ந்துவிடுகின்றன. அவற்றுக்குச் செலவிடுவது வீண்.

வயரைப் பொறுத்தவரை வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. விமானத்தின் பாகங்கள் அடங்கிய கிட்டுடன் வந்த சில வயர்கள் பிவிசி உறையிட்ட, வெள்ளீயம் பூசாத செம்பு வயர்கள். பலகைக்காக நான் வாங்கியவை டெஃப்செல் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் உறையிட்ட, வெள்ளீயம் பூசிய, 19 இழைகள் கொண்ட விமான வயர்கள். 600 வோல்ட்டுக்கும் 150 பாகை செல்சியஸுக்கும் தரம் குறிக்கப்பட்டவை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கிட்டில் வந்த வயர்களை அதிகம் பயன்படாத இரண்டு சுற்றுகளில் விட்டுவைத்தேன். இன்று அவற்றின் முனையை உரித்தால், உறைக்கு உள்ளேயும் செம்பு பச்சை படிந்து கறுத்திருக்கிறது. டெஃப்செல் வயரின் முனை புதிதாக வெட்டியது போலவே பளபளக்கிறது. பிவிசி எரிந்தால் மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும் என்பது தனிக் காரணம். சிறிய காக்பிட்டில் அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

வயரின் தடிமனை வெப்பத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது என்று அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி வழிகாட்டி வகுத்திருக்கிறது. 55 வாட் தரையிறங்கு விளக்கு ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 5 மீட்டர் நீளத்தில் 20 கேஜ் வயர் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன்) போட்டால், மின்சாரம் போகும் வழியில் மட்டும் சுமார் 0.65 வோல்ட் போய்விடும். 18 கேஜ் போட்டால் 0.4 வோல்ட்டோடு நிற்கும். 20 கேஜ் வயர் சூடேறாமல் அந்த மின்சாரத்தைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் விளக்கு மங்கும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது இணைப்புகளைப் பற்றி. எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் கொட்டகைக்கு வரும்போதெல்லாம், "சால்டர் வைக்காத ஜாயிண்ட் என்ன சார் ஜாயிண்ட்?" என்று கேட்பார். ஜீப்பிலும் பிக்கப் வேனிலும் அவர் வைத்த சால்டர் ஆண்டுக்கணக்கில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். சால்டரில் குறையில்லை. உருகிய சால்டர் இழைகளுக்கிடையே ஏறி, வயரின் ஒரு பகுதியைக் கம்பி போல் விறைப்பாக்கிவிடுகிறது. அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் எஞ்சினின் அதிர்வு வயரை ஒடிக்கிறது. அந்த இடத்துக்குத் தாங்கல் கொடுத்தால் சால்டரும் நீடிக்கும், ஆனால் நூற்றுக்கணக்கான முனைகளுக்கு அப்படிச் செய்து முடியாது. கிரிம்ப் என்பது வயரின் முனையை லக் எனும் உலோக முனைக்குள் வைத்து நசுக்கும் இணைப்பு. நல்ல கிரிம்ப் இணைப்பில் இழைகளும் லக்கும் காற்றுகூடப் புகாதபடி ஒன்றோடொன்று நசுங்கி இறுகுவதால், ஈரம் உள்ளே போய் அரிக்க வழியில்லை. இதற்கு ராட்செட் உள்ள கிரிம்பிங் பிளையர் வேண்டும்; முழு அழுத்தமும் விழும்வரை அது வாயைத் திறக்காது. மொத்தச் செலவில் மிகப் பயனுள்ள செலவு அதுதான் என்பேன். லக்குகளில் சிவப்பு 22 முதல் 16 கேஜுக்கும், நீலம் 16 முதல் 14 கேஜுக்கும், மஞ்சள் 12 முதல் 10 கேஜுக்கும் உரியவை. வாங்கும்போது பிளாஸ்டிக் உறைக்குள் வயரின் மேலுறையையும் பிடிக்கும் உலோகக் குழல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான லக்குகளில் அது இருப்பதில்லை. நிறம் மட்டும் அதே நிறம். சோதிப்பதும் எளிது: 22 கேஜ் கிரிம்ப் குறைந்தது 15 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும், அதாவது ஏழு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் அசையக் கூடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் சிலவற்றை இழுத்துப் பார்க்கிறேன். ராட்செட் கருவியால் அழுத்திய எதுவும் இதுவரை கழன்று வரவில்லை.

எர்த் அமைப்பை முதலிலேயே ஒரே இடத்தில் குவித்தது நல்ல முடிவு. எஞ்சின் சுவரில் பொருத்திய பித்தளைப் பட்டை ஒன்றில் பேட்டரி, எஞ்சின், ஒவ்வொரு கருவி ஆகியவற்றின் எர்த் வயர்கள் தனித்தனியே வந்து சேர்கின்றன. இறக்கை விளக்குகளுக்கு மட்டும் விமானத்தின் உடலே திரும்பும் பாதை. ரோட்டாக்ஸில் எண்ணெய் வெப்பமானி போன்ற உணரிகள் எஞ்சின் உடல் வழியாகவே எர்த் ஆகின்றன. ஆகவே கருவியின் எர்த் வயரை வேறொரு பெரிய சுமையும் பகிர்ந்துகொண்டால், விளக்கைப் போட்டவுடன் வெப்பநிலை எண் நகரும். எஞ்சின் ஒன்றும் சூடாகியிருக்காது. எர்த்தைச் சோதிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை, மாதந்தோறும் செய்கிறேன். ஹெட்செட் ஜாக்குகளை ஃபைபர் வாஷர் போட்டுப் பலகையிலிருந்து பிரித்து வைத்திருப்பதால், ரேடியோவில் எஞ்சின் இரைச்சல் துளியும் இல்லை.

ஃபியூஸா, சர்க்யூட் பிரேக்கரா என்ற விவாதம் எங்கும் ஓயாது. கார்களில் வரும் பிளேடு ஃபியூஸ்களே பெரும்பாலான சுற்றுகளுக்குப் போதுமானவை என்பது என் கருத்து. இரண்டுமே காப்பது வயரை. கருவியைக் காப்பது அவற்றின் வேலையன்று. பறக்கும்போது விழுந்த பிரேக்கரை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்க்கும் ஆசையையும் ஃபியூஸ் தராது. எச்சரிக்கை தேவைப்படுவது இக்னிஷன் சுவிட்சில். இந்த எஞ்சினின் இரண்டு இக்னிஷன் சுற்றுகளும் பேட்டரியைச் சாராதவை. அவற்றை நிறுத்தும் வயரை எர்த்தோடு சேர்த்தால்தான் தீப்பொறி நிற்கும். அந்த வயர் எங்காவது அறுந்துவிட்டால், சுவிட்ச் அணைந்த நிலையிலிருந்தாலும் புரொப்பல்லரைக் கையால் சுழற்றும்போது எஞ்சின் பற்றிக்கொள்ளக்கூடும். கொட்டகையில் எலித்தொல்லை உண்டு என்பதால், அந்த இரண்டு வயர்களை மட்டும் உலோகப் பின்னல் உறைக்குள் கொண்டுபோயிருக்கிறேன்.

மலையிலிருப்பதால் வரும் வேடிக்கை ஒன்று உயரமானியில். உள்ளூர்க் காற்றழுத்தத்தைத் திருகி வைக்கும் அதன் அழுத்தச் சாளரம் ஏறத்தாழ 950 முதல் 1050 ஹெக்டோபாஸ்கல் வரைதான் நகரும். சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியில் காற்றழுத்தமோ 815 அளவில் நிற்கிறது. எனவே இங்கே தரையில் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவரவே முடியாது. 5,900 அடி அளவில் நிறுத்தி, அன்றாட அழுத்த மாற்றத்துக்கு அது சரியாக நகர்கிறதா என்றுதான் பார்க்க முடியும்.

பராமரிப்பு வசதிக்காகச் செய்தவற்றில் இரண்டு தொடர்ந்து பலன் தருகின்றன. பலகை முழுவதும் கீல்மேல் முன்பக்கம் சாயும்படி, வயர் கற்றைக்குப் போதிய தளர்வு விட்டிருக்கிறேன். ஒவ்வொரு வயரின் எண்ணையும் தாளில் அச்சிட்டு, சூடுபட்டால் சுருங்கும் நிறமற்ற ஷ்ரிங்க் ஸ்லீவுக்குள் வைத்துச் சுருக்கியிருக்கிறேன். பசை ஒட்டிய லேபிள்கள் இரண்டாவது மழைக்காலத்திலேயே உரிந்து விழுந்தன. கற்றைகளைக் கட்டியிருப்பது மெழுகு நூல். நைலான் டையின் வெட்டுமுனை கையைக் கீறுவதுபோல் அது கீறுவதில்லை, ஆனால் கட்டப் பழகுவதற்குப் பொறுமை வேண்டும்.

இனி எஞ்சியிருப்பது மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் இணைப்புகள். எஞ்சினின் உள் ஜெனரேட்டர் தரும் 250 வாட் மின்சாரம் முழுவதும் சாதாரணச் செருகு லக்குகள் வழியாகவே ரெகுலேட்டருக்குப் போகிறது. அவை சற்றே தளர்ந்தாலும் சூடேறிக் கருகும். அருகிலுள்ள 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் முனைகளிலும் லேசாக வெள்ளைப் பொடி தெரிகிறது. லாரியில் ஏற்றுவதற்கு முன் இந்த இரண்டு இடத்திலும் புதிய லக்குகளைப் போட்டு, சுமையேற்றிய நிலையில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மில்லிவோல்ட் இழப்பு என்று அளந்து குறித்துக்கொள்ளப் போகிறேன்.