ரோபோ வேக்குவம்: கண் நல்ல மிஷினா, வாய் பெரிய மிஷினா?

ரோபோ வேக்குவம், அதாவது தானாகவே ஓடித் தரையைப் பெருக்கும் மிஷின், வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள். விலையை அப்புறம் பேசலாம். எங்கள் வீட்டில் சோபாவுக்கு அடியில் 9 செ.மீ., கட்டிலுக்கு அடியில் 12. தலையில் லேசர் கோபுரம் வைத்த மிஷின்கள் பெரும்பாலும் ஒன்பதரையிலிருந்து 10 செ.மீ. உயரம். கோபுரம் இல்லாதவை 8 செ.மீ. சுற்றுவட்டாரம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியதால், இன்றைக்கும் எங்கள் சோபாவுக்கு அடியில் மட்டும் பூந்துடைப்பம்தான்.

நான் பழகியவை மூன்று. 2021-ல் 12,000 ரூபாய்க்கு வாங்கிய ஜைரோ மிஷின் (திரும்புவதை உணரும் சென்சாரை நம்பி ஓடுவது) ஒன்று. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 24,000-க்கு வாங்கி இப்போது ஓடிக்கொண்டிருக்கும் லேசர் மிஷின் ஒன்று. கோவையில் அக்கா வீட்டில், 70,000 சொச்சத்துக்கு வாங்கிய, தானே குப்பையைக் கொட்டி, தானே துணியைக் கழுவிக்கொள்ளும் 'ஆல் இன் ஒன்' ஒன்று. கம்பெனி, மாடல் பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை. மாடல் சீக்கிரமே மாறிவிடுகிறது, வகை மாறுவதில்லை.

டப்பாவின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது உறிஞ்சும் சக்தி: 8,000 பாஸ்கல், 12,000 பாஸ்கல், இப்போது 20,000-ஐயும் தாண்டிவிட்டார்கள். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு மட்டும்தான். தரையிலிருந்து எவ்வளவு தூசி மேலே வரும் என்பது காற்று எவ்வளவு ஓடுகிறது, பிரஷ் எப்படி, வாய்க்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் பொறுத்தது. தடிமனான கார்ப்பெட்டுக்குள் புதைந்த மண்ணை இழுக்கப் பெரிய எண் உதவும். நம் வீடுகளில் கார்ப்பெட் எங்கே இருக்கிறது? டைல்ஸ், மொசைக், கிரானைட்தானே. 2020-ல் ஷாவ்மி இந்தியாவில் 17,999 ரூபாய்க்குக் கொண்டுவந்த மிஷினின் சக்தி 2,100 பாஸ்கல்தான். ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போன அந்த வருஷத்தில்தான் நம்மில் பலருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரிந்தது. டைல்ஸ் தரைக்கு அந்தச் சக்தி இன்றைக்கும் போதும். ஆக, வாயைப் பார்த்து வாங்காதீர்கள். காசைக் கண்ணில் போடுங்கள்.

கண் என்றால் வழி கண்டுபிடிக்கும் திறமை. 2002-ல் ஐரோபாட் கம்பெனி ரூம்பா என்ற ரோபோ வேக்குவத்தை விற்க ஆரம்பித்தபோது அது கிட்டத்தட்ட குருடு. போய் முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். ஜைரோ மிஷின் அதற்கு ஒரு படி மேல். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, உடம்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்கு வைத்துக்கொண்டு நேர்க்கோட்டில் போகும். கணக்கு ஒருமுறை பிசகினால் பிசகினதுதான். கால்மிதியில் ஏறிச் சக்கரம் சறுக்கியதும் என் மிஷினுக்குத் திசை மறந்துவிடும். நடையை நாலு தடவை பெருக்கும், டைனிங் டேபிளுக்கு அடியில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காது. ஆபீஸிலிருந்து வந்தால் ஆளைக் காணோம். கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, சார்ஜ் தீர்ந்து கிடக்கும். ஒட்டடைக் கம்பை விட்டு இழுத்தால் மிஷினோடு அது பெருக்காத தூசியும் சேர்ந்து வரும்.

லேசர் மிஷினில் அந்தக் கோபுரம் சுற்றிக்கொண்டே சுவருக்கும் பீரோவுக்கும் எவ்வளவு தூரம் என்று விடாமல் அளக்கிறது. வீட்டு மிஷின்களில் இதை 2010-லேயே நீட்டோ கம்பெனி கொண்டுவந்துவிட்டது. விலை நமக்கு எட்டத்தான் பத்து வருஷம் ஆனது. முதல் நாள் வீட்டைச் சுற்றி வரைபடம் போட்டுக்கொள்ளும். பிறகு 'சமையலறையை மட்டும் பெருக்கு', 'பூஜை அறைப் பக்கம் போகாதே' என்று போனிலேயே சொல்லலாம். இருட்டிலும் ஓடும். கேமராவை மட்டும் நம்பி வழி தேடும் மிஷின் விளக்கை அணைத்தால் திணறும். லேசருக்கும் ஒரு ஏமாற்று உண்டு: கண்ணாடி. எங்கள் பீரோக் கண்ணாடிக்குள் இன்னொரு படுக்கையறை இருப்பதாக வரைபடம் போட்டு, அதற்குள் நுழைய அரை மணி நேரம் முட்டிக்கொண்டிருந்தது. ஆப்பில் அந்த இடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்த பிறகுதான் விட்டது.

லேசர் பார்ப்பது தன் உயரத்தில் இருப்பதை மட்டும்தான். அதற்குக் கீழே தரையில் கிடக்கும் சார்ஜர் ஒயர், செருப்பு, குழந்தையின் கிலுகிலுப்பை எதுவும் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் அதற்கு எமனாக வந்தது மல்லிகைச் சரம். தலையிலிருந்து நழுவி விழுந்த ஒரு முழம் பூ. பூவெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. வாழைநார் மட்டும் பிரஷின் இரண்டு முனைகளிலும், தாங்கிக்குள்ளேயும், நீள முடியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டது. திருப்பிப் போட்டு, பிரஷைக் கழற்றி, பிளேடால் அறுத்து எடுக்கக் கால் மணி நேரம். பிரஷ் வாங்கும்போது மயிர் வைத்ததைவிட ரப்பர் துடுப்பு வைத்தது நம் வீடுகளுக்கு நல்லது. முடி குறைவாகச் சிக்கும், எடுப்பதும் சுலபம். முன்பக்கம் தனியாகக் கேமரா வைத்து இப்படிக் கீழே கிடப்பதை ஒதுங்கிப் போகும் மிஷின்கள் இருக்கின்றன. அக்கா வீட்டு மிஷின் அந்த ரகம். செருப்பை அழகாகச் சுற்றிப் போகிறது, மெல்லிய நூலைப் பல தடவை கோட்டை விடுகிறது.

கறுப்புத் தரை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். படியிலிருந்து விழாமல் இருக்க மிஷினின் அடியில் அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கும். கீழே விட்ட ஒளி திரும்பி வரவில்லை என்றால் 'பள்ளம்' என்று பின்வாங்கும். கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால், சில மிஷின்களுக்குக் கறுப்புக் கிரானைட்டும் கடப்பாக்கல்லும் பாதாளமாகத் தெரியும். வாசற்படிக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலானவை 2 செ.மீ. உயரம் வரை ஏறும். பழைய வீட்டு நிலைப்படி அதைவிட உயரம் என்றால் அறைக்கு அறை நீங்கள்தான் தூக்கி வைக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நிமிர்ந்து நின்று தள்ளும் ஒயர் இல்லாத வேக்குவமே மேல்.

துடைப்பதில்தான் விளம்பரத்துக்கும் வீட்டுக்கும் தூரம் அதிகம். மலிவான இரண்டு வகையும் ஈரத் துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். படிந்த மெல்லிய தூசி போகும். காய்ந்த சாம்பார்த் துளி அப்படியே இருக்கும். ஆல் இன் ஒன்னில் இரண்டு வட்டத் துணிகள் சுழன்று அழுத்தித் துடைக்கின்றன. வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, ஆனால் மூலை முடுக்கு அப்படியேதான். எந்த வகையானாலும் தொட்டியில் பினாயிலை ஊற்றிவிடாதீர்கள். வாசனைக்காக ஊற்றத்தான் கை போகும். உள்ளே இருக்கும் குழாயும் ரப்பரும் கெட்டுப்போகும், கம்பெனி சொன்ன திரவம் மட்டும்தான். போர் தண்ணீரும் வேண்டாம். உப்பு படிந்து தண்ணீர் சொட்டும் துளை அடைத்துக்கொள்கிறது. நான் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

அக்கா வீட்டு டாக், அதாவது மிஷின் வந்து நின்று குப்பையைக் கொட்டும் பெட்டி, ஒரு சின்ன வாஷிங் மிஷின் மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒன்று, குப்பைக்கு ஒரு பை. துணியை வெந்நீரில் கழுவி, சூடான காற்றில் காய வைக்கிறது. பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் கோடையில் இரண்டு நாள் அழுக்குத் தொட்டியைக் கொட்டாமல் விட்டால் சாக்கடை நாற்றம். "இதைக் குளிப்பாட்டறதே ஒரு வேலையாப் போச்சுடா தம்பி" என்றாள் அக்கா. குப்பைப் பையை இரண்டு மாசத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. மெயின் ரோட்டுத் தூசியில் அவள் வீட்டுப் பை மூன்று வாரத்தில் நிரம்புகிறது. குப்பையை உறிஞ்சும்போது மிக்ஸி ஓடுவது மாதிரி ஒரு சத்தம் வேறு. மத்தியானம் குழந்தை தூங்கும் நேரத்தில் ஓட விடாதீர்கள்.

இருந்தும் அக்கா அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். அவளுக்கு முட்டி வலி, குனிய முடியாது. வீட்டில் இரண்டு பூனை வேறு. முடி உதிர்ந்துகொண்டே இருக்கும் வீடு, தூசி பட்டால் தும்மல் பிடிக்கும் ஆள் உள்ள வீடு, குனிய முடியாதவர்கள் வீடு: இந்த மூன்றுக்கும் டாக் கொடுத்த காசுக்கு உழைக்கும். மற்றவர்களுக்கு, மிஷினின் தொட்டியைக் கழற்றிக் குப்பைக்கூடையில் தட்டுவது அரை நிமிஷ வேலை. அதற்காக 40,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனசு வராது. இரண்டு படுக்கையறை டைல்ஸ் வீட்டுக்கு டாக் இல்லாத லேசர் மிஷின்தான் என் ஓட்டு. ஜைரோ மிஷினைச் சாமான் அதிகம் இல்லாத ஒற்றை அறைக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

கடைசியாக சர்வீஸ். உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா, பிரஷும் ஃபில்டரும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பெரிய பெயர் என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ரூம்பாவைப் பெற்றெடுத்த ஐரோபாட்டே 2025 டிசம்பரில் திவால் மனு போட்டது. நீட்டோ 2023-ல் கடையைக் கட்டியது. 2025-ல் ஆப் வேலை செய்யத் தேவையான சர்வரையும் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். மிஷின் நன்றாக இருந்தும் ஆப்பில் ஓட்ட வழியில்லை. மேலே இருக்கும் பட்டனை அமுக்கினால் மட்டும் ஓடும். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு எங்கள் மிஷினின் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். சார்ஜ் ஏறும் ஸ்டாண்டிலிருந்து இறங்கி, வழக்கம்போல ஹாலில் ஆரம்பித்து, நான் கோடு இழுத்து வைத்த பீரோக் கண்ணாடிப் பக்கம் போகாமல் திரும்பி வந்தது.