மயிலுக்கு அம்மை போட்ட கதை: கிராஸ் ஸ்டிச், சில வருட அனுபவம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் என்னோடு ஷிப்டில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, நவம்பர் 11 ஆன்லைன் தள்ளுபடியில் கிராஸ் ஸ்டிச் கிட் (துணியில் கட்டம் கட்டமாகக் குறுக்குத் தையல் போட்டுப் படம் தைக்கும் பெட்டி) ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அக்கா, வாங்கலாமா? பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் பிரேம் போட்டுக் கொடுக்கணும்." கேட்ட நேரம் சரியில்லை. நான் கிராஸ் ஸ்டிச்சில் தைத்துக் கொடுத்த மயில் படம் அந்த வாரம்தான் திரும்பி வந்து, பிரேம் கடை மேசையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அதனால் காரணத்தை முழுசாக எழுதுகிறேன்.

கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணி, ஆறிழை நூலில் இரண்டு இழை பிரிப்பது எப்படி என்றெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. என்னுடையது 14 கவுன்ட், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம், படம் அச்சடித்த துணி. சதுர அங்குலத்துக்கு 196 கட்டம் என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையகலப் படத்துக்கே ஆயிரக்கணக்கில் குறுக்குப் போட வேண்டும். பொங்கலுக்குள் பெரிய படம் முடியாது, அது தனிக்கதை.

நூலைப் பற்றி ஒரு குறையும் இல்லை. டி.எம்.சி. என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1746இல் தொடங்கியது. அதன் வண்ண எண்கள்தான் இன்றைக்கு இந்தத் தொழிலுக்கே பொதுமொழி மாதிரி ஆகிவிட்டன. சீனாவிலிருந்து வரும் மலிவு கிட்டுகள் பலவற்றிலும் அதே எண்கள்தான் இருக்கும். 310 என்றால் கருப்பு, யாரைக் கேட்டாலும் கருப்பு. பாதியில் நூல் தீர்ந்தால் எண்ணைச் சொல்லி எட்டு மீட்டர் கட்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மயிலின் கழுத்துக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நான்கு நூல்கள். டியூப் லைட்டில் நான்கும் ஒன்றுதான். காலையில் ஜன்னலோரம் பிரித்து வைத்தால்தான் எது எதுவென்று தெரியும். அதனால் மதிய ஷிப்ட் வாரங்களில் மட்டும்தான் கழுத்து வளர்ந்தது.

எனக்கு இதில் பிடித்த நேரம் தைப்பதே இல்லை, கடைசியில் அலசுவதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை அமுக்கினால் அச்சுமை கரைந்து வாளிக்குள் இறங்கும். கட்டமும் குறியும் மறைந்து, நாம் போட்ட நூல் மட்டும் நிற்கும். கஞ்சி போட்டு விறைப்பாக வந்த துணி பழைய வேட்டி போலத் துவண்டுவிடும். ஒன்று மட்டும் கவனம்: அலசி முடிக்கும் வரை இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் சில மை அப்படியே பிடித்துக்கொள்ளும். வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்கவும் வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்தில் துருக்கறை வட்டமாக இறங்கிவிடும், போகவே போகாது.

இதுவரை எல்லாம் நல்லபடிதான். வினை ஆரம்பிப்பது பிரேம் கடையில்.

மயிலைப் பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தி மகளுக்கு வீடு குடிபோகும்போது கொடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் "மெஷின்ல போட்டதா?" என்று கேட்டார்கள். பழகிப்போன கேள்வி, விடுங்கள். வருடங்கள் கழித்து அவள் ஒரு போட்டோவோடு அனுப்பிய செய்தி: "அக்கா, மயிலுக்கு அம்மை போட்டிருக்கு." பார்த்தால் வெள்ளைத் துணியில், கழுத்தை ஒட்டியும் தோகை ஓரத்திலும் பழுப்புப் புள்ளிகள். சிரித்துவிட்டு, அப்புறம் நிஜமாகவே கோபம் வந்தது.

பிரேம் போட்ட கடைக்கே கொண்டுபோனேன். திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. "இந்த ஊர் வெயில், மழை, பியாசாலா" என்றார், மலாயில் 'வழக்கம்தானே' என்று. சரி என்று வேறொரு கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் பின்பக்கத் தாளைக் கிழித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். துணிக்கு அடியில் பெட்டி செய்யும் சாதா அட்டை. நான்கு ஓரத்திலும் இருபக்கம் ஒட்டும் டேப், மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. துணி நேராகக் கண்ணாடியோடு ஒட்டி நின்றிருக்கிறது. கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்தார். உள்பக்கத்தில் மயிலின் உருவம் மங்கலான படலமாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் "பியாசாலா" என்ற சொல்லே பிடிக்காமல் போய்விட்டது.

விஷயம் பெரிய மர்மம் இல்லை. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். பூஞ்சைக்கு 70 இருந்தாலே கொண்டாட்டம். துணி கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை. மலிவு அட்டையில் இருக்கும் அமிலமும் மெதுவாகத் துணிக்கு ஏறும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் வழி சுலபம்: துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய மவுன்ட் அட்டை ஒன்று, அடியில் அமிலமில்லாத அட்டை, டேப்புக்குப் பதிலாகப் பின்பக்கம் குறுக்கும் நெடுக்கும் நூலிழுத்துக் கட்டுவது. பிரேம் போடுவதே பிழைப்பாக இருப்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

ஜார்ஜ் டவுன் லெபோ கெரெஜாவில் இருக்கும் பெரனாக்கான் மாளிகைக்குப் போனால் நியோனியாக்களின், அதாவது இங்கேயே வேரூன்றிய சீன வம்சாவளிப் பெண்களின், மணிவேலையைப் பாருங்கள். பிடாங்கான் என்ற மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஐரோப்பிய கிராஸ் ஸ்டிச் சார்ட்டுகளைப் பார்த்தே செருப்புக்கு ரோஜாவும் கிளியும் கோத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு மணி. நாம் போடும் அதே கணக்கு. ஆனால் கண்ணாடி மணிக்கு ஈரம் ஏறாது, அதன் நிறம் அப்படியே நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மயிலைச் சோப்பு நீரில் ஊறவைத்து அலசியதில் பெரும்பாலான புள்ளிகள் போய்விட்டன. நூலில் ஓர் இழைகூடச் சாயம் விடவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தோகை ஓரத்தில் இரண்டு மட்டும் போகமாட்டேன் என்று நிற்கின்றன. மவுன்ட் அட்டை வைத்துப் புதுப் பிரேம் போட 140 வெள்ளி. கிட் வாங்கியது 39 வெள்ளிக்கு. இந்தக் கணக்கை எந்தத் தள்ளுபடி விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

ஆகவே தங்கச்சிக்கு: கையில் ஒரு வேலை வேண்டும், போனைக் கீழே வைக்க வேண்டும் என்றால் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அத்தைக்குப் பரிசு என்றால் அந்தப் பெரிய கிட்டைக் கூடையிலிருந்து எடுத்துவிடு. சின்னதாக ஒரு பொங்கல் பானை தைத்து, தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தோடேயே கண்ணாடி இல்லாமல் கொடு. அழுக்கானால் கழற்றித் துவைத்துக்கொள்வார்கள். குஷன் உறை, மேசை விரிப்பு ஓரம், இவையும் சரி. சுவரில் கண்ணாடிக்குள் மாட்டும் எதையும் நான் இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மேலே எழுதியதைப் படித்தால் நான்கு போட வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. 140 வெள்ளி ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது, இப்போதைக்கு இரண்டுதான்.