ஏப்ரலில் லண்டன் மாரத்தான், பயிற்சி கோலாலம்பூரில்: விடியற்காலைச் சாலையா, கொண்டோ டிரெட்மில்லா?

பணம் திரட்டித் தருவதாகச் சொல்லி அறநிறுவனம் ஒன்றின் வழியாக லண்டன் மாரத்தானில் இடம் வாங்கியவர்கள் டிசம்பரில் பயிற்சியைத் தொடங்கி மார்ச் கடைசிவரை ஓடியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் கையுறை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நமக்கு அதே மாதங்களில் வாய்ப்பது வியர்வையும் சாயங்கால இடிமழையும்தான். அதனால் இங்கே எழும் கேள்வியே வேறு: விடியுமுன் சாலையில் இறங்குவதா, கொண்டோ எனும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்மில் ஏசிக்குக் கீழே டிரெட்மில்லில் ஓடுவதா, வேலை முடிந்து வந்து ஏரிக்கரையைச் சுற்றுவதா?

நான் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிறு நீண்ட ஓட்டம் எப்போதும் சாலையில். வார நாள்களில் வேக ஓட்டம் ஒன்று மட்டும் டிரெட்மில்லில். அப்பாவின் டயாலிசிஸ் நாள்கள்தான் என்னை இந்த ஓட்டத்துக்குள் கொண்டுவந்தன. சிறுநீரக நோயாளிகளுக்காகப் பணம் திரட்டுவதாக நாலு பேரிடம் சொன்ன பிறகு, பயிற்சியைப் பாதியில் விடுவது முடியாத காரியம். எந்த வழியில் போனால் மார்ச் மாதமும் கால் ஓடிக்கொண்டிருக்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

சாயங்கால ஓட்டத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். தித்திவங்சா ஏரிக்கரையில் ஆறு மணிக்கு ஓடுவது இனிமையான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. பகல் சூட்டில் கட்டிய மேகம் சாயங்காலத்தில்தான் கொட்டும். ஐந்து கிலோமீட்டர் என்றால் மழைக்குமுன் முடித்துவிடலாம். முப்பது கிலோமீட்டரை மேகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட முடியாது. மின்னல் வெட்டும்போது திறந்த வெளியில் ஓடவே கூடாது. வேலை, நெரிசல் எல்லாம் சேர்ந்தால் வாரத்தில் பாதி நாள் போய்விடும்.

மிச்சம் இரண்டு. டிரெட்மில்லின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மழை கிடையாது, நாய் கிடையாது, கழிவறை பக்கத்தில். வேகத்தை ஒரு எண்ணில் நிறுத்திவிட்டால் அது நம்மை ஏமாற்றவும் விடாது, சோம்பவும் விடாது. அதனால்தான் வேக ஓட்டத்தை அங்கே வைத்தேன். புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அதுதான் வழி. ஆனால் பல கொண்டோக்களில் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று விதி உண்டு. சில இயந்திரங்கள் ஒரு மணி நேரமானதும் தாமாகவே நின்றுவிடும். மூன்று மணி நேர ஓட்டத்தை இப்படித் துண்டு துண்டாக ஓடினால் அது நீண்ட ஓட்டமே இல்லை. கேஎல்சிசி பூங்காவின் ரப்பர் தடத்தை நடுவழியாகச் சொல்பவர்களும் உண்டு. முழங்காலுக்கு இதமான தடம்தான். ஆனால் ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர், 32 கிலோமீட்டர் வேண்டுமென்றால் ஏறத்தாழ 25 சுற்று. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வெயிலும் ஈரப்பதமும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலர் இதைச் சாலைக்கு எதிரான காரணமாகவே சொல்கிறார்கள்: "குளிர்நாட்டில் ஓடப்போற ஆள் இங்கே ஏன் வெந்து சாகணும்? ஏசியில ஓடு, லண்டன் மாதிரியே இருக்கும்." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூரில் வெப்பம் 24 டிகிரி அளவில் இருக்கும். எண்ணைப் பார்த்தால் குளுமை. ஆனால் ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தாண்டி நிற்கும். உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவதுதான். காற்றே ஈரத்தில் ஊறியிருந்தால் வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டும், கால்வழியே இறங்கிக் காலுறையில் சேரும். பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்து சளக் சளக்கென்று சத்தம் போடும். சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தசைக்கும் ரத்தம் வேண்டும். ஆகவே இதயம் வேகம் கூட்டுகிறது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற அதே வேகத்தில் டிரெட்மில்லில் என் நாடித்துடிப்பு 140-ஐ ஒட்டி நிற்கும். சாலையில் இரண்டாவது மணி நேரத்தில் 152, 153 என்று ஏறிவிடும். வேகத்தைக் குறைத்தால்தான் இறங்கும்.

இந்தச் சிரமத்துக்கு உடம்பு பதில் செய்கிறது என்பதுதான் விஷயம். சூட்டில் தொடர்ந்து ஓடினால் ஒரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கும். வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும். அதில் போகும் உப்பு குறையும். இரண்டு வாரத்தில் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி நிகழ்ந்துவிடும். ரத்தத்தின் அளவு கூடினால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும். இது குளிரிலும் கைகொடுக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கைகொடுக்கும் என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது, அவ்வளவாக இல்லை என்றதும் இருக்கிறது. ஆனால் லண்டன் எப்போதும் குளிராகவே இருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறதா? 2018-இல் ஓட்டத்தன்று 24.1 டிகிரி வரை ஏறியது. அந்த மாரத்தானின் வரலாற்றில் அதுதான் அதிகபட்ச வெப்பம். குளிர்காலம் முழுக்க ஐந்து டிகிரியில் பயிற்சி எடுத்தவர்கள் அன்று திணறினார்கள். நமக்கு அது சாதாரண விடியற்காலை. குளிர்ந்தால் நமக்கு லாபம், சுட்டால் நமக்குப் பழக்கம். ஏசியில் பயிற்சி எடுத்தால் இந்த இரண்டாவது பாதுகாப்பைக் கையிலிருந்து நழுவவிடுகிறோம்.

நிதானமில்லாமல் செய்தால் இதே சூடு ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே சாலையில் வேகத்தை மறந்துவிட்டு நாடித்துடிப்பைப் பார்த்து ஓடுங்கள். ஓடுமுன்னும் ஓடியபின்னும் துணியில்லாமல் எடை பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்து, நடுவில் ஒரு லிட்டர் குடித்திருந்தால், மொத்தம் இரண்டரை லிட்டர் போயிருக்கிறது, மணிக்கு ஒன்றேகால் லிட்டர். காய்ந்த கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருந்தால் உப்பும் நிறையப் போகிறது என்று அர்த்தம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம். நான் ஓஆர்எஸ் பொட்டலத்தை இடுப்புப் பையில் வைத்துக்கொள்வேன். ஹண்ட்ரட் பிளஸ் என்ற விளையாட்டு பானம் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கும். ஒன்று கவனம்: இங்கே பழகிய அளவை லண்டன் குளிரில் அப்படியே குடிக்கக் கூடாது. வியர்வை குறையும் இடத்தில் தண்ணீர் மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

சாலைக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் பக்கபலம். லண்டன் பாதை முதல் ஐந்து கிலோமீட்டரில் நன்றாக இறங்குகிறது. இறக்கம் சுலபம் என்று ஓடியவர்களின் தொடை கடைசியில் கல்லாகிவிடும். கோலாலம்பூரின் மேட்டுச் சாலைகளில், புக்கிட் அமானில் தொடங்கி புக்கிட் துங்கு பக்கம் ஏறி இறங்கினால் அந்தத் தொடை தயாராகும். சாதாரண டிரெட்மில் ஏறும், இறங்காது. அடுத்தது வெளிச்சம். தீபகற்ப மலேசியா 1982 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளிக்கொண்டதால் ஜனவரி, பிப்ரவரியில் ஏழேகால் மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. நாலரைக்குத் தொடங்கினால் மூன்று மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட வெயிலே படாது.

பணம் திரட்டும் கணக்கும் உண்டு. லண்டன் அறநிறுவன இடங்களுக்குப் பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவில் கேட்கிறார்கள். நம் காசில் 10,000 ரிங்கிட்டைத் தாண்டும். சாலையில் ஓடுகிறவனை ஊர் பார்க்கிறது. ஓட்டம் முடிந்து நனைந்த சட்டையோடு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடையில்) உட்கார்ந்தால், "என்னா தம்பி, எதுக்கு இப்படி ஓடுறீங்க?" என்று பக்கத்து மேசை அண்ணன் கேட்பார். அப்பாவின் கதையைச் சொன்னால் ரொட்டி சானாய் வருவதற்குள் கைப்பேசியை எடுத்து ஐம்பது ரிங்கிட் அனுப்பிவிடுவார். ஜிம்மில் எல்லோர் காதிலும் ஏதாவது ஒன்று மாட்டியிருக்கிறது, யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

தைப்பூசம் எப்படியும் இந்தப் பயிற்சிக்கு நடுவில்தான் வரும். விரதமிருந்து பால்குடம் எடுப்பவர்கள் அந்த வாரத்து நீண்ட ஓட்டத்தை விட்டுவிடலாம். ரதத்தோடு இரவெல்லாம் வெறுங்காலில் நடந்து பத்துமலையின் 272 படியும் ஏறிய காலுக்கு மறுநாள் ஓட்டம் வைப்பது சரியல்ல. அதற்காக அந்த நடையை ஓட்டக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். அட்டவணையை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போதும். சைவச் சாப்பாடு தடையே இல்லை. பருப்பும் தயிரும் முறையாக எடுத்துக்கொண்டால் நன்றாகவே ஓடலாம்.

எனக்கு அனுபவம் போதாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் தனியாக ஓட வேண்டிய பெண்களுக்கு என் பரிந்துரை அப்படியே பொருந்தாது. என் தங்கை துணை கிடைக்காத நாள்களில் டிரெட்மில்லில்தான் ஓடினாள், அவள் செய்தது சரி. ஞாயிறு விடியற்காலையில் புக்கிட் அமான் பக்கம் ஓடுகிறவர்கள் கூட்டமாக இருப்பார்கள், அங்கே அவளும் வருவாள். மற்ற நாள்களுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் ஈரச் சூட்டில் நீண்ட ஓட்டத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். முழங்கால் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டிரெட்மில்லின் மெத்தென்ற பட்டை மேலாக இருக்கலாம். என் கால் நன்றாக இருப்பதால் அந்த ஒப்பீட்டை நான் செய்து பார்க்கவில்லை.

கடைசி மூன்று வாரத்தில் தூரத்தைக் குறைக்கும்போதும் சாலையை விட வேண்டாம். சூட்டுப் பழக்கம் ஏறிய வேகத்திலேயே இறங்கவும் கூடியது; இரண்டு மூன்று வாரம் ஏசியில் இருந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்வரை அரை மணி நேரமாவது வெளியில் ஓடுங்கள். டிரெட்மில் வேக ஓட்டத்தை மட்டும் பத்து நாள் முன்னதாக நிறுத்தலாம். பெட்டியில் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டில் காத்திருக்கும் நேரத்துக் குளிர்தான் நம்மவர்களை அதிகம் வாட்டும். ஓடத் தொடங்கியதும் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடலாம்.