மொரிஸ் மைனரின் பின் அச்சு: சைலன்சர் குழாய் மேலாகவா, கீழாகவா?

எங்கள் 1098 சிசி மொரிஸ் மைனர் காரின் பழைய நெம்புகோல் வகை ஷொக் அப்சோபர்கள் ஓயாமல் எண்ணெய் கசிந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு நீள்வடிவ ஷொக் அப்சோபர்களைப் பொருத்தினேன். சவாரி சுகமானது. ஆனால் சரிந்து நிற்கும் புதிய ஷொக், சைலன்சர் குழாயின் வழியை அடைத்துக்கொண்டது.

குழாயைப் பின்சக்கரத்துக்கு முன்பாகப் பக்கவாட்டில் வெளியேற்றலாம். ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓடுகிற மட்டக்களப்பு வெயிலில் சத்தமும் புகையும் உள்ளே வரும். அப்படிக் குழாய் வைத்த நண்பரின் காரில் ஒருமுறை கல்முனை வரை போய் வந்த அனுபவம்தான் எனக்கு. நெடுநாள் ஓட்டியவர் வேறு சொல்லக்கூடும்.

அச்சுக்குக் கீழாகக் கொண்டுபோவது மலிவு, வளைவுகளும் குறைவு. முதலில் அதைத்தான் செய்தேன். கல்லடி ஒழுங்கைகளில் குழாய் மணலை உழுதது. அதைவிடப் பெரிய கேடு வேறு: குழாய் உடலோடு தொங்குகிறது, அச்சோ ஏறி இறங்குகிறது. சில்லு மாற்ற உடலில் ஜக் வைத்துத் தூக்கினால் அச்சு கீழே இறங்கிக் குழாயின்மேல் உட்கார்ந்துவிடும். என் குழாய் அப்படித்தான் நசுங்கியது.

ஆகவே இப்போது மேலாகப் போகிறது. என் தெரிவும் அதுவே. பள்ளத்தில் விழும்போது அச்சு மேலெழுந்து குழாயைத் தொடக்கூடாது. அச்சின் தலையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, பின்பெட்டியில் இரண்டு நெல் மூட்டைகளை ஏற்றி மோசமான வீதியில் ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது உருண்டை தட்டையாகியிருந்தது. குழாயை உயர்த்தி வளைத்து, ஓர் அங்குலம் இடைவெளி கிடைத்த பிறகே ஓய்ந்தேன். பிரேக் குழாய்க்கும் ஷொக்கின் ரப்பர் புஷ்ஷுக்கும் சூடு எட்டாத தூரமும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட இணைப்பை வலியுறுத்துவேன். குழாயை ஒரே துண்டாக வெல்டிங் செய்தால், அது அச்சுக்கும் உடலுக்கும் நடுவே சிறைப்பட்டுவிடும். கழற்ற வேண்டுமானால் அச்சையே இறக்க வேண்டும், அல்லது குழாயை வெட்ட வேண்டும். கடற்காற்றில் சைலன்சர் துருப்பிடிக்காமல் இராது, கழற்றும் நாள் வந்தே தீரும். அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு ஃபிளாஞ்ச் (இரு குழாய்த் துண்டுகளை நட்டு போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) வையுங்கள். நட்டுகள் பித்தளையாக இருக்கட்டும். இரும்பு நட்டு உப்பில் இறுகிவிடும்.

போன மாதம் என் சைலன்சரில் ஓட்டை விழுந்தது. மூன்று நட்டுகளைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். அச்சின் மேலிருந்த குழாயைத் தொடவே தேவைப்படவில்லை.