ஆறடி ரொட்டவேட்டர்: உழவில் சுகம், விற்பனையில் வயிற்றெரிச்சல்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்திதான். வரிக்கு முந்தைய விலை ஒரு லட்சம் என்றால் 7,000 ரூபாய் மிச்சம். பழையதை வைத்திருக்கிறவன் கதை வேறு. டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் என் ஆறடி ரொட்டவேட்டருக்கு 48,000 தருவதாகச் சொல்லியிருந்த காங்கேயம் பக்கத்து வியாபாரி, வரி குறைந்த கையோடு 38,000 என்றார். அரசாங்கம் ஏழாயிரம் குறைத்தால் இவர் பத்தாயிரம் குறைக்கிறார். என்ன கணக்கு என்று கேட்டால், "மார்க்கெட் நிலவரம் அப்படிங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கருவியின் வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அறச்சலூர் பக்கம் எங்கள் பூமி செம்மண். இடையிடையே வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல் கிடக்கும். மஞ்சள் வெட்டிய தோட்டத்தில் பாரைக் கலைத்து, தாளையும் களையையும் மண்ணோடு மடக்கி, இரண்டு ஓட்டில் விதைக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மழையை நம்பிய மேட்டாங்காட்டில் இதன் அருமை இன்னும் அதிகம். மழை பெய்து இரண்டு நாள்தான் ஈரம் நிற்கும். முன்பெல்லாம் ஒன்பது கொழு பொருத்திய கொத்துக் கலப்பையில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி முடிப்பதற்குள் பாதி ஈரம் போய்விடும். இப்போது அந்த ஈரத்திலேயே சோளம் விதைத்துவிடுகிறேன். வருடா வருடம் இதையே ஓட்டினால் ஐந்து அங்குலத்துக்குக் கீழே மண் இறுகிவிடும் என்பதால் அவ்வப்போது ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை போட்டுக்கொள்கிறேன்.

செலவு வைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: பிளேடுகள் சுழலும் தண்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ஆயில் சீல், அதாவது ஆயில் கசியாமலும் மண் உள்ளே போகாமலும் தடுக்கும் வளையம். 42 பிளேடும் தேய்வது கண்ணுக்குத் தெரியும், மாற்றிக்கொள்ளலாம். சீல் அப்படியல்ல. கொழுக்கட்டைப் புல், மஞ்சள் தாள், சொட்டுநீர்க் குழாயின் அறுந்த துண்டு என்று எது கிடைத்தாலும் தண்டின் முனையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்றியது இறுகி இறுகி உள்ளே நகர்ந்து சீலின் உதட்டை அறுத்துவிடும். முதலில் மண் ஒட்டிய ஒரு கறுப்பு ஈரம் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஆயில் இறங்கி, மண் ஏறி, பேரிங் போய், கடைசியில் பக்கத்துக் கியரையும் தின்றுவிடும். அதனால் ஓட்டி முடித்த அன்றைக்கே அரிவாளால் இரண்டு முனைகளையும் அறுத்துச் சுத்தம் செய்வேன். கியர் பெட்டியின் 90 என்னும் கெட்டி ஆயிலைத் தவறாமல் மாற்றுவேன். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் கர்தான் ஷாஃப்டுக்கு கிரீஸ் வைக்காமல் டிராக்டரில் ஏற மாட்டேன்.

இவ்வளவுக்கும் சந்தையில் ஒரு பைசா மதிப்பு இல்லை. என் கோபமெல்லாம் இதில்தான். ஒரு நாளும் கிரீஸ் துப்பாக்கியைத் தொடாதவருடைய ரொட்டவேட்டருக்கும் அதே 38,000. சொல்லப்போனால் அவர் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்ததால் இரண்டாயிரம் கூடவே கேட்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். டிராக்டருக்கு ஆர்சி புத்தகம் இருக்கிறது, ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால், காளையின் வாயைத் திறந்து பல் பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறார்கள். ரொட்டவேட்டரில் இருப்பது வரிசை எண்ணும் வருடமும் பொறித்த ஒரு தகடு மட்டும். சொந்தத் தோட்டத்தில் மட்டும் ஓடியதா, ஊர் ஊராக வாடகைக்கு ஓடியதா, அந்தத் தகடு சொல்லாது. வாங்குகிறவர் மோசமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு விலை சொல்கிறார். அவர் பயம் நியாயம்தான். ஆனால் பக்க மூடியைத் திறந்து காட்டுகிறேன் என்றால், நின்று பார்க்கவாவது வேண்டாமா?

மானியமும் பழைய விலையை அழுத்துகிறது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை, உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. புதியதே பாதி விலையில் வரும் என்று காத்திருக்கிறவர் பழையதற்கு அதற்கு மேல் எதற்குக் கொடுப்பார்? வருமான வரிக் கணக்கில் பொதுவாக இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம், மிச்ச மதிப்பின்மேல். அப்படிக் கழித்தால் 1,12,000 கொடுத்து எடுத்த என் கருவி நான்கு ஆண்டு முடிவில் சுமார் 58,000 நிற்க வேண்டும். சந்தை அந்தக் கணக்கைவிட 20,000 கீழே நிற்கிறது.

என் ஒன்பது கொத்துக் கலப்பையைப் பாருங்கள். பெருந்துறை பக்கம் ஒரு பட்டறையில் 26,000 கொடுத்துச் செய்தது, ரொட்டவேட்டரைவிட மூத்தது. இன்றைக்கும் 20,000 கொடுக்க ஆள் இருக்கிறது. சட்டம், சுருள்வில், கொழு எல்லாம் வெளியே தெரிகின்றன. வளைந்திருந்தால் வளைந்திருக்கிறது, தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது. ஒன்றுக்கும் ஆகாவிட்டாலும் எடைக்குப் போட்டால் இரும்பு விலை வரும்.

ஆகவே, புதிய ரொட்டவேட்டர் எடுக்கலாமா என்று கேட்ட அக்காள் மகனிடம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு ஏக்கர்தான் அவனுக்கு. கொத்துக் கலப்பை ஒன்றை வாங்கிக்கொண்டு, சுழல் உழவை மணிக்கணக்கு வாடகையில் முடித்துக்கொள்ளட்டும். "நீங்களே இவ்வளவு புகழ்கிறீர்களே மாமா" என்கிறான். புகழ்கிறேன்தான். உழவுக்குப் புகழ்கிறேன், முதலீட்டுக்கு அல்ல. வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்கப் போகிறவர் தாராளமாக எடுக்கட்டும். விற்கும்போது கிடைப்பது அவருக்குப் பெரிய கணக்கில்லை.

என்னுடையதை இந்த விலைக்குக் கொடுப்பதாக இல்லை. பில் இருக்கிறது, மாற்றிய சீலுக்கும் பேரிங்குக்கும் ரசீது இருக்கிறது. மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர் வரட்டும். 55,000 கேட்பேன், ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக்கொள்ளலாம்.